கட்டளைக்குள் வளைந்த குறிக்கு இடமில்லை

மென்பொருள் ஆவணங்களில் வெளியாகும் கட்டளைகள் பழுதடைந்து வருகின்றன. எழுதியவர் சரியாகத்தான் எழுதுகிறார். சோதித்தவரும் ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்புதல் தருகிறார். அதன் பிறகு, வெளியிடும் கட்டத்தில், நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடுகின்றன. மாற்றச் சொன்னவர் யாருமில்லை. படிப்பவர் நகலெடுத்து ஒட்டுகிறார், கட்டளை ஓடுவதில்லை. சில வேளைகளில் ஓடிவிடுகிறது, அது இன்னும் கேடு.

கண்ணுக்கு இது மயிரிழை வேறுபாடு. கணினிக்கு இவை வேறு வேறு எழுத்துகள். நேரான இரட்டைக் குறியின் எண் 34, ஒற்றைக் குறியின் எண் 39. வளைந்தவற்றுக்கு யூனிகோடில் 8216, 8217, 8220, 8221 என்று நான்கு எண்கள். யூடிஎஃப்-8 முறையில் நேர்க்குறிக்கு ஒரு பைட் போதும். வளைந்த குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். யூனிக்ஸ் ஷெல்லும் சி, பைத்தான், ஜேசான் போன்றவையும் சொற்களைச் சேர்த்துக் கட்டும் குறியாக வளைந்த எதையும் ஏற்பதில்லை.

பிழை உடனே தெரிந்தால் நட்டம் குறைவு. பைத்தான் 3 வளைந்த குறியைக் கண்டதும் நின்று, செல்லாத எழுத்து என்று அதன் எண்ணோடு சொல்லிவிடும். ஜேசான் கோப்பைப் படிக்கும் நிரலும் முதல் குறியிலேயே மறுத்துவிடும். சி மொழியின் பழைய கம்பைலர்கள் ஒரு திறப்புக் குறிக்கு 342, 200, 234 என்று மூன்று தனித்தனிப் புகார்களைத் தந்தன. அவை அந்த மூன்று பைட்டுகளின் எட்டடிமான எண்கள். புதிதாகக் கற்பவருக்கு அந்த எண்கள் எதையும் விளக்கவில்லை. ஆனாலும் நிரல் ஓடாமல் நின்றது. அந்த மட்டில் கேடில்லை.

ஓசையில்லாமல் நடக்கும் பிழையே ஆபத்தானது. ‘பழைய கணக்கு நகல்’ என்ற மூன்று சொல் பெயருள்ள கோப்புறையை அழிக்கும்படி ஓர் ஆவணம் சொல்வதாகக் கொள்வோம். பெயரைச் சுற்றி நேர்க்குறி இருந்தால் ஷெல் அதை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். வளைந்த குறி இருந்தால் மூன்று பெயர்களாகப் பிரித்துவிடும். முதல் சொல்லோடும் கடைசிச் சொல்லோடும் குறி ஒட்டிக்கொள்வதால் அப்படிப்பட்ட கோப்புறைகள் கிடைக்கப்போவதில்லை. நடுச்சொல்லில் எந்தக் குறியும் ஒட்டுவதில்லை. ‘கணக்கு’ என்ற பெயரில் அதே இடத்தில் வேறொரு கோப்புறை இருந்தால், கேட்காமலேயே அது போய்விடும். வற்புறுத்தி அழிக்கும் விருப்பமும் சேர்ந்திருந்தால், மற்ற இரண்டும் கிடைக்கவில்லை என்ற செய்திகூட வராது.

அமைவுக் கோப்புகளின் கதையும் இதுவே. யாம்ல் கோப்பில் வளைந்த குறிக்குள் கடவுச்சொல்லை எழுதினால், குறிகளும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். உள்ளே ஓர் இடைவெளியும் அதையடுத்து # குறியும் வந்தால், அங்கிருந்து மீதியெல்லாம் குறிப்புரையென்று கழிந்துவிடும். கோப்பு செல்லுபடியாகும், எச்சரிக்கை வராது. உள்நுழைவு மட்டும் மறுக்கப்படும். குறியைச் சந்தேகிக்கும் முன் பொறியாளர் வலையமைப்பிலிருந்து சான்றிதழ் வரை எல்லாவற்றையும் சந்தேகித்து முடித்திருப்பார்.

இந்தக் குழப்பத்தின் வேர் பழையது. தட்டச்சுப் பொறியில் விசைகளை மிச்சப்படுத்தத் திறப்புக் குறியும் மூடும் குறியும் ஒரே நேர்க்குறியாகச் சுருக்கப்பட்டன. 1963-ல் முதல் வடிவம் கண்ட ஆஸ்கி அந்தச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டது. பின்னர் அதில் சேர்ந்த 96-ம் எண் குறி இடப்பக்கம் சாய்ந்தது. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் 96-ம் 39-ம் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் ஜோடிபோலத் தெரிந்தன. குனு திட்டத்தின் கையேடுகள் நெடுங்காலம் அந்த ஜோடியையே மேற்கோளாகப் பயன்படுத்தின. ஆனால் ஷெல்லுக்கு 96 என்பது மேற்கோள் அல்ல. உள்ளே இருப்பதை ஓட்டு என்னும் ஆணை. யூனிகோட் பரவி எழுத்துருக்கள் திருந்திய பின் குனுவின் எழுத்து நெறி அந்த ஜோடியைக் கைவிட்டு நேர்க்குறிக்கு வந்தது. தவறு திருத்தக்கூடியது என்பதற்கு அது சான்று.

அச்சுப் புத்தகக் காலத்தில் இந்தக் கேடு பெரிதாகத் தெரியவில்லை. தாளில் வளைந்த குறி இருந்தாலும், பார்த்துத் தட்டுபவரின் விசைப்பலகை நேர்க்குறியைத்தான் தந்தது. வாசகரின் விரலே மெய்ப்புத் திருத்தியது. இன்று வாசகர் தட்டுவதில்லை, நகலெடுக்கிறார். அந்தக் கடைசித் திருத்தம் போய்விட்டது. வெளியிடுவோரின் நடைமுறை மட்டும் தாளின் காலத்திலேயே நிற்கிறது.

மாற்றத்தைச் செய்வது மனிதர் அல்ல, தானியங்கி அமைப்பு. சொற்செயலிகளில் குறிகளை வளைக்கும் வசதி கேட்காமலேயே இயங்குகிறது. இரண்டு சிறுகோடுகளை ஒரே நெடுங்கோடாக்கி, கட்டளையின் விருப்பங்களைக் கெடுப்பதும் அதே வசதிதான். லாடெக்கில், எழுதியது எழுதியபடியே அச்சாக வேண்டிய பகுதிக்குள்ளும் ஒற்றைக் குறி இயல்பாக வளைந்துவிடுகிறது. தடுப்பதற்கு அப்க்வோட் என்ற தனித் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். 2023-ல் வெளியான குரோஃப் 1.23 என்ற வடிவமைப்பு நிரல், கையேட்டுப் பக்கங்களில் நேர்க்குறியாகவே காட்டிவந்த பழைய ஏற்பாட்டை நீக்கியது. லினக்ஸ் வினியோகங்கள் சில அந்த ஏற்பாட்டைத் தம் அளவில் மீண்டும் சேர்த்துக்கொண்டன. இயல்பு அமைவு தவறாக இருக்கும்போது தனிமனித கவனம் காவலாகாது.

வளைந்த குறியே முறையான அச்சுக் குறி என்பார்கள். மறுப்பதற்கில்லை. இந்த நாளிதழின் பத்திகளிலும், இந்தத் தலையங்கத்திலும், அதுவே அச்சாகிறது. விளக்க உரை மனிதர் படிப்பதற்கானது. அங்கே வளைந்த குறி அழகு, திறப்பும் மூடலும் தெளிவு. கட்டளை இயந்திரம் படிப்பதற்கானது. உரைக்குள் எதையும் தேர்ந்தெடுங்கள், கட்டளைக்குள் நேர்க்குறி மட்டுமே.

வளைந்த குறியையும் நிரல்கள் ஏற்றுக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்ற கேள்வியும் உண்டு. பவர்ஷெல் அப்படித்தான் ஏற்கிறது. அதன் விலை பாதுகாப்பில் தெரிகிறது. பயனர் தரும் உரையில் நேரான ஒற்றைக் குறியை மட்டும் வடிகட்டிவிட்டு, அதைக் கட்டளைக்குள் சேர்க்கும் நிரலில், வளைந்த குறி வடிகட்டியைத் தாண்டி மேற்கோளை முடித்துவிடும். அதன் பின் வருவதெல்லாம் கட்டளையாக ஓடும். ஒரு வேலைக்கு ஒரு குறி என்ற கண்டிப்பு இங்கே பிடிவாதம் அல்ல, பூட்டு.

பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் வேண்டாம். பிழையான கட்டளையை ஒட்டிய வாசகருடையது அல்ல. நிறுவனங்களில் அது ஆவணப் பிரிவின் தலைமைக்கு உரியது. வெளியீட்டுக் கருவியைத் தேர்ந்து அமைப்பது அந்தத் தலைமைதான். திறமூலத் திட்டங்களில் பராமரிப்பாளர்களுக்கு உரியது. நிறுவல் வழிமுறைகளைச் சொற்செயலியில் தட்டி, பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடும் பொது அமைப்புகளின் தொழில்நுட்பப் பிரிவுகளும் செய்முறைப் பாடங்களை மாணவருக்கு அனுப்பும் கல்வி அமைப்புகளும் விலக்கல்ல. கடைசியில் நிற்பவர் தலையில் நட்டத்தைக் கட்டும் வழக்கம் முடிய வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. எழுத்து நெறியில் ஒரு வரி சேர வேண்டும்: கட்டளைக்குள் நேர்க்குறி மட்டுமே. வெளியீட்டுக் கருவியின் தானியங்கி மாற்றம் நிரல் பகுதிகளில் அணைக்கப்பட வேண்டும். ஒப்புதலுக்கு முந்தைய சோதனை மூல வரைவில் நின்றுவிடாமல், வாசகர் காணும் இறுதிப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியானவற்றின் நிரல் பகுதிகளில் வளைந்த குறிகளின் அந்த நான்கு யூனிகோட் எண்களைத் தேடுவதற்குச் சிறு நிரல் ஒன்று போதும். அழிக்கும் கட்டளைகளும் கடவுச்சொல் அமைவுகளும் உள்ள பக்கங்களில் அந்தத் தேடல் முதலில் நடக்கட்டும். அடுத்த பதிப்பு வரை அவை காத்திருக்கக் கூடாது.