உப்பிட்டவர் உண்மை சொல்லட்டும்!

தோழா!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் முன்னோர். நினைக்கிறோம், நன்றியோடு நினைக்கிறோம். ஆனால், இட்ட உப்பு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் இட்டவருக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

அந்த எரிச்சலின் கதையை அமெரிக்காவின் நியூயார்க் நகரிலே காணலாம். 2015 டிசம்பர் முதல் நாள் அங்கே ஒரு விதி பிறந்தது. நாடெங்கும் 15 கிளைகளோ அதற்கு மேலோ கொண்ட உணவு விடுதிகள், 2,300 மில்லிகிராம் சோடியத்தை எட்டும் பண்டம் ஒவ்வொன்றின் பக்கத்திலும், உணவுப் பட்டியலிலே ஒரு முக்கோணம் இட வேண்டும்; அதற்குள்ளே உப்புக்குப்பியின் படம். தவறினால் 200 டாலர் தண்டம். 2,300 மில்லிகிராம் என்றால் என்ன? ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு! ஒருவர் நாள் முழுவதும் உண்ணத்தக்க எல்லை! அதனை ஒரே தட்டிலே வைத்து நீட்டுகிறார்கள்.

விற்காதே என்றதா அவ்விதி? இல்லை. உப்பைக் குறை என்றதா? அதுவும் இல்லை. சொல்லிவிட்டு விற்பனை செய் என்றது, அவ்வளவே! ஆர்த்தெழுந்தது தேசிய உணவு விடுதிச் சங்கம். நீதிமன்றப் படியேறிற்று. எங்கள் பேச்சுரிமை பறிபோகிறது என்று முழங்கிற்று. அடடா! நாடக மேடையிலே எத்தனையோ வேடங்களைக் கண்டவன் நான். வாய்மூடிக் கிடக்கும் வசதி, பேச்சுரிமை என்று வேடம் புனைந்து வந்ததை அதற்கு முன் கண்டதில்லை. 2017 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம் அந்த வேடத்தைக் கலைத்தது. விதி நின்றது.

உண்பவன் விருப்பத்தில் குறுக்கிடலாமா என்பர் வணிகர். அறியாதவன் தேர்ந்தெடுப்பது விருப்பமாகுமா? ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் குழம்பிலும் பரவிக் கிடக்கும் உப்பை நிறுத்துச் சொல்ல நாக்கு என்ன தராசா? உப்பு நஞ்சன்று, அளவு மீறிய உப்பே இரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. சிறுகடைக்காரன் நசிவானே என்று சிலர் கண்ணீர் வடிப்பர். அவ்விதி தொட்டது கிளை பரப்பிய பெரு நிறுவனங்களை; தெருமுனைக் கடையை அன்று!

நம் நாட்டிலும் விதி உண்டு. 2022 ஜூலை முதல், 10 இடங்களிலோ அதற்கு மேலோ கடை விரித்த உணவு நிறுவனங்கள் பட்டியலில் கலோரி அளவை எழுத வேண்டும். வரவேற்போம். ஆனால், எண் கணக்கறிந்தவனுக்கு, எச்சரிக்கை எல்லோருக்கும். பசியோடு அமர்ந்தவனுக்குக் கூட்டிக் கழிக்க ஏது பொழுது? உப்பைப் பற்றியோ அந்த எண் வாய் திறப்பதே இல்லை. முக்கோணம் அப்படியன்று, எழுத்தறியாதவனையும் நிறுத்தி, எண்ணிப் பார் என்கிறது. 2009-லேயே புகையிலை உறையின்மீது எச்சரிக்கைப் படம் அச்சிட வைத்த நாடு இது. உறைக்கு முடிந்தது, உணவுப் பட்டியலுக்கு முடியாதா?

தோழா, அடுத்த முறை பட்டியலை விரிக்கும்போது கேள்: உப்பிட்டவரே, எவ்வளவு இட்டீர்? ஒருவன் கேட்டால் முறைப்பர். ஊரே கேட்டால் எழுதுவர்!