வெள்ளைத் தாளில் எதை வரைவது?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 28 வெள்ளி கொடுத்துக் கெட்டி அட்டை போட்ட வரைபுத்தகம் ஒன்றை வாங்கினேன். 2010-ஆம் ஆண்டு அது. அந்தக் காசில் விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் நான்கு நாள் சாப்பிடலாம். "இனிமேல் தினமும் ஓவிய நாட்குறிப்பு வைக்கப் போகிறேன்" என்று அறைத்தோழியிடம் அறிவித்தும் விட்டேன். ஐந்து மாதம் கழித்து, தேர்வு முடிந்து அறையைக் காலி செய்தபோது அந்தப் புத்தகம் அகப்பட்டது. முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இலை இருந்தது. மேப்பிள் இலை! வாழ்நாளில் நான் நேரில் பார்த்தே இராத இலை.

அந்த இலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெற்றுத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. எதை வரைவது? இணையத்தில் தேடினேன். 'இன்று இதை வரை' என்று நாளுக்கொரு தலைப்பாக நீண்ட நீண்ட பட்டியல்கள் கிடைத்தன. உதிர்ந்த இலை, குளிர்காயும் அடுப்பு, முதல் பனி, கம்பளிக் கையுறை... முதல் தலைப்பிலேயே என் ஊக்கம் தீர்ந்துபோயிற்று. எனக்கு ஓவியம் வராது என்று முடிவு கட்டிப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நண்பர்களே, நம்மில் பலருடைய அலமாரியில் இப்படி ஒரு புத்தகம் இருக்கும் என்று நினைக்கிறேன். வரையத் தெரியாததால் அது வெள்ளையாகக் கிடக்கிறது என்று நாம் நம்புகிறோம். என் கருத்து வேறு. நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் வரையத் தகுந்தது என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. ஊக்கத்தை நான்கு பருவம் உள்ள நாட்டில் போய்த் தேடுகிறோம். வெயிலும் மழையும் மட்டுமே உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு!

ஓவிய நாட்குறிப்பு என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அன்றன்று கண்ணில் பட்டதைப் படமாகவும் எழுத்தாகவும் ஒரே பக்கத்தில் பதிந்து வைப்பது. படம் அழகாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருக்கும் காட்டவேண்டியதும் இல்லை.

இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்குப் புதிது என்று சொல்வோர் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன், அம்மாவின் கோல நோட்டைப் பார்க்கும்வரை. கட்டம் போட்ட பழைய கணக்குப் புத்தகம் அது. ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளி வைத்துக் கோலம். பக்கத்திலேயே '15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி' என்று குறிப்பு. ஒரு கோலத்தின் கீழே 'பொங்கல் 1987, மழை வந்து அழிந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். வேறொரு பக்கத்தின் ஓரத்தில் முறுக்கு மாவுக்குக் கணக்கு. சிக்குக் கோலம் ஒன்று கோடு கூடாமல் பாதியில் குழம்பி, குறுக்கே அடிக்கப்பட்டு, அடுத்த பக்கத்தில் மறுபடி தொடங்கி ஒழுங்காக முடிந்திருந்தது. தேதி, வானிலை, தவறு, திருத்தம், சமையல் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. இதைவிட வேறென்ன ஓவிய நாட்குறிப்பு வேண்டும்? அம்மாவிடம் சொன்னேன். "போடி, அது கோல நோட்டு" என்றார்.

உலகில் பேர் பெற்ற நாட்குறிப்புகளும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்திருக்கின்றன. மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரீடா காலோ தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டு காலத்தில் வைத்திருந்த நாட்குறிப்பு 1995-இல் நூலாக வெளிவந்தது. தாளில் மை கொட்டினால் அந்தக் கறையையே முகமாகவும் மிருகமாகவும் மாற்றி வரைந்திருப்பார். அமெரிக்கரான டேனி கிரெகரியின் மனைவி சுரங்க ரயில் விபத்தில் சிக்கி நடக்க முடியாதவரானார். அதற்குப் பின்பே அவர் வீட்டில் கிடக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார். அந்த அனுபவம் 2003-இல் புத்தகமாயிற்று. நம் நாட்டு லாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 'கம்போங் பாய்' 1979-இல் வந்தது. இருபத்தெட்டு வயதில், கோலாலம்பூரில் இருந்துகொண்டு, பேராக் கிராமத்தில் கழிந்த தம் பிள்ளைப் பருவத்தை அவர் நினைவிலிருந்து வரைந்தார். ஆற்றங்கரையும் ஈயக் கப்பலும் விருத்தசேதனச் சடங்கும் அதில் இருக்கின்றன. பனி விழவில்லை!

தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளையின் கதையை அதேபோல் ஒருவர் வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன். நினைத்ததோடு சரி. பாட்டியின் பேச்சு வராமல் இருந்திருந்தால் என் புத்தகம் அந்த மேப்பிள் இலையோடு நின்றிருக்கும்.

பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். 2004-இல் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை இடித்து, இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. நான் சிறுமியாக இருந்தபோது பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் போவேன். ஆனாலும் அந்த வீட்டைக் காட்டும் புகைப்படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. சித்தியின் கல்யாணப் படத்தில், மூன்று பேருடைய தலைகளுக்குப் பின்னால், கொஞ்சம் நீலச் சுவர் தெரியும். அவ்வளவுதான்.

2011-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் மாமா வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பழைய வரைபுத்தகத்தை எடுத்து லயத்து வீட்டை நினைவிலிருந்து வரைய முயன்றேன். பாட்டி எட்டிப் பார்த்தார்.

"கதவ எங்க வச்சிருக்க? அது பக்கத்து வூட்டுக் கதவும்மா."

அழித்து வரைந்தேன். அடுப்படி தப்பு என்றார். குழாயடியை எங்கே காணோம் என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர், என் கையிலிருந்து பேனாவை வாங்கி, லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்குப் போகும் பாதையை ஒரே இழுப்பில் வளைத்துக் கோடு போட்டார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. அந்தப் பாதையில் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, "இங்கதான் ஒங்க தாத்தா சைக்கிளோட வுழுந்தாரு" என்றார். அந்தக் கதையை எங்கள் வீட்டில் அதுவரை யாருமே கேட்டதில்லை.

பிறகு மரம் ஒன்றை வரைந்து, பட்டையில் வெட்டுக் கோடு போட்டுக் காட்டினேன். பாட்டி சிரித்துவிட்டார்.

"இப்படி வெட்டுனா தண்டலு சும்மா வுடுவானா? இந்தப் பக்கம் ஒசரம், அந்தப் பக்கம் பள்ளம்."

இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியவேண்டுமாம். நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பத்தான் பால் நெறைய எறங்கும்" என்றார். பின்னாளில் ஒரு தாவரவியல் நூலில் காரணத்தைப் படித்தேன். ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும். பாட்டியின் கைக்கு அது தெரிந்திருந்தது. நான் கோட்டைத் தப்பாகப் போடாமல் இருந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். படம் எடுக்க ஒரு நொடி போதும். யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால் கதவு எந்தப் பக்கம், சன்னலில் கம்பி எத்தனை, குழாயடியில் குடம் வைக்கக் கல் இருந்ததா என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டால் பேச்சு வரும். பேச்சோடு சொல்லும் வரும்.

ஆம், சொல்! தமிழ்ப் பேரவையின் இதழில் ஓவியத்தைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று முகம் சுளிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அன்று ஒரே பக்கத்தில் மங்கு, உளி, ஒட்டுப்பால், பெரட்டு, ஆயாக்கொட்டகை, கிராணி என்று பாட்டி சொன்ன சொற்களைப் படங்களுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன். தமிழை ஒரு பாடமாகவே எடுத்துப் படித்த எனக்கு, பால் சேரும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர் என்பது அன்றுதான் தெரிந்தது. மலாய்க்காரர்களின் மங்கோக் நம் தோட்டத்தில் மங்கு ஆகியிருக்கிறது.

2009-இல் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 'இங்க்டோபர்' என்ற ஒன்றைத் தொடங்கினார். அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கொரு மை ஓவியம். பிற்பாடு நாளுக்கொரு சொல்லாகப் பட்டியலும் வரத்தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலை நாமே எழுதிக்கொண்டால் என்ன? நான் எழுதி வைத்திருக்கும் 31 சொற்களில் சிலவற்றைச் சொல்கிறேன்: பசியாறும் மேசை, சடக்கு, அஞ்சடி, கம்பத்து வீடு, மங்கு, தீபாவளிக்கு முதல்நாள் அடுப்படி, அப்பாவின் வேலைச் சட்டை, தமிழ்ப்பள்ளி மணி, தைப்பூசத்துக்கு மறுநாள் சாலை, பூட்டிக் கிடக்கும் வீடியோ கடை. 'அஞ்சடி' என்று எழுதிய நாளில், கடைவீட்டு முன்நடையில் பூக்கட்டும் அம்மாவின் விரல்களை மட்டும் வரைந்தேன். ஆறு முயற்சி. ஆறும் தோல்வி. ஆனாலும் நூலை எந்த விரலில் சுற்றுகிறார் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

சொல் பட்டியல் வேண்டாம், வேறு வழி சொல் என்பவர்களுக்கு லிண்டா பாரியின் முறையைச் சொல்வேன். அவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். பக்கத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார். ஒரு கட்டத்தில் இன்று செய்தவை ஏழு. இன்னொன்றில் இன்று கண்டவை ஏழு. கீழே ஒரு கட்டத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம். கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னப் படம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் 'கண்டவை' என்ற கட்டம்தான் நம்மைத் திணறடிக்கும். முதல் நாள் எனக்கு மூன்றுக்கு மேல் வரவில்லை. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம் வரை நடந்து போய் வந்திருக்கிறேன், கண்டது மூன்றே மூன்று! மறுநாள் நடக்கும்போதே கண் தானாகத் தேடத் தொடங்கியது. காதில் விழும் வாக்கியத்துக்கு மாமாக் கடையைவிடச் சிறந்த இடம் கிடையாது என்பதும் என் அனுபவம்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்ணப் பெட்டி வாங்கினால்தான் வரைவேன் என்பது தள்ளிப்போடுவதற்கான சாக்கு. ஒரு பந்துமுனைப் பேனா போதும். அழிக்க முடியாததால் தயக்கமும் குறையும். பொது இடத்தில் வரைய வெட்கமாக இருந்தால் இருவராகப் போங்கள். 2015-இல் சிங்கப்பூரில் அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ் அமைப்பின் அனைத்துலக மாநாடு நடந்தபோது, பல நாட்டவர் தெருவோரங்களில் உட்கார்ந்து கடைவீடுகளை வரைந்தார்கள். நம் கடைவீடுகளை வரைய அவர்கள் விமானம் ஏறி வந்தார்கள். நமக்குப் பேருந்துக் காசு போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒருவருடைய முகத்தை வரைந்தால் அவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள்.

பேரவைத் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கவிதைப் போட்டி நடத்துகிறோம், சிறுகதைப் பட்டறை நடத்துகிறோம். அடுத்த ஆண்டில் ஒரு மாதம் மட்டும், நம் ஊர்ச் சொற்கள் முப்பதை அச்சிட்டு உறுப்பினர்களிடம் கொடுத்துப் பாருங்கள். பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கொடுத்தால் இன்னும் நல்லது. கேட்பதற்கு அங்கேதான் ஆள் இருக்கிறார்கள்.

இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். அன்று வீடு, குழாயடி, பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை எல்லாம் வரைந்தாயிற்று. மாலையாகிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் பாக்கி. "கோயில அடுத்த வாரம் சொல்றேன், இப்ப நேரமாச்சு, பஸ்ஸ வுட்டுறாத" என்றார் பாட்டி. அடுத்த வாரம் எனக்கு ஒப்படைப்பு. அதற்கடுத்த வாரம் தேர்வு. நான் போனபோது பாட்டி மருத்துவமனையில் இருந்தார். பக்கவாதம் பேச்சைப் பறித்துவிட்டிருந்தது. புத்தகத்தை விரித்துக் காட்டினேன். பெரட்டுக் களத்துப் பாதையில் விரலை வைத்தார். வெற்றிடத்தின் பக்கம் விரல் நகரவில்லை. 2012-இல் போய்விட்டார்.

கோயிலை இப்போது மாமாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். அரசமரம் கோயிலுக்கு இடப்பக்கம் என்கிறார் மாமா. இல்லவே இல்லை, வலப்பக்கம்தான், அதில்தான் ஊஞ்சல் கட்டினோம் என்கிறார் பெரியம்மா. போன தீபாவளிக்கும் இதே சண்டைதான். இரண்டு பக்கத்திலும் பென்சிலால் லேசாக வரைந்து வைத்திருக்கிறேன்.