ஐயாவோட துப்பாக்கியும் நாலரை வருஷத் துருவும்

போன மாசம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன்ல பேசினாரு. மக்காச்சோளத்துக்குக் காவல் போறேன், துப்பாக்கி இருக்குன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். "அண்ணாச்சி, இந்தக் காலத்துல சம்சாரிக்கு எதுக்குத் துப்பாக்கி? எல்லாத்தையும் அரசாங்கம் வாங்கி உருக்கிறணும்"னாரு. நல்ல தம்பிதான், மனசுல பட்டதைச் சொன்னாரு. அவருக்கு அன்னைக்குச் சரியா பதில் சொல்ல வரலை. அதான் இப்ப எழுதுறேன்.

எங்க ஐயா வச்சிருந்தது முன்னால மருந்து கிட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. ஒத்தைக்குழல். சினிமாவுல வர்ற மாதிரி படபடன்னு சுடாது. ஒரு தடவை வெடிச்சா, அடுத்ததுக்கு மருந்து போட்டு, கிட்டிச்சு, கேப்பு மாட்டுறதுக்குள்ள பன்றி பக்கத்து ஊரு எல்லைக்குப் போயிரும். 1959 ஆயுதச் சட்டத்துலயே இந்த வகைத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கலாம்னு தனியா எழுதி வச்சிருக்கான். அதுக்கு முன்னாடி இருந்தது 1878ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதுலயே குடியானவன் லைசன்ஸ் வாங்கி வச்சிருந்தான். நேத்து வந்த வழக்கம் இல்லை இது.

2020 தை மாசம் ஐயா தவறிட்டாரு. லைசன்ஸ்காரர் போனா துப்பாக்கியை ஒப்படைக்கணும், அது முறை. காரியம் முடிஞ்ச மறுவாரம் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். வாரிசு பேருக்கு லைசன்ஸை மாத்தித் தரலாம்னு 2016 ஆயுத விதிகள்ல தெளிவா இருக்கு. மனு கொடுத்தேன். கொரோனான்னாங்க. எலெக்சன்னாங்க. ஆள் மாறிட்டாருன்னாங்க. ஃபைலைக் காணோம், மறுபடி எழுதிக் கொடுன்னாங்க. 2024 ஆவணியில கைக்கு வந்துச்சு. நாலரை வருஷம்.

வந்த கோலத்தைச் சொல்லணும். ஒழுகுற அறையில, சுவத்துல சாத்தி, வாய் மேல பார்த்த மாதிரி நின்னுருக்கு. குழல் பூராவும் செம்மண் நிறத்துல துரு. கட்டையில ஒரு விரக்கடைக்குக் கரையான் அரிச்சிருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்து திண்ணையில வச்சதும், எங்க அம்மா அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிருச்சு.

முன்னால கிட்டிக்கிற துப்பாக்கியில மருந்து கிடக்கான்னு கண்ணால பார்க்க முடியாது. கிட்டிக்கிற கம்பியை வாயில விட்டு, எதுவரைக்கும் போகுதுன்னு அடையாளம் வச்சு, அதே கம்பியை வெளியில குழலோட ஒட்டி வச்சுப் பார்க்கணும். ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. பார்த்தேன். நாலு விரக்கடை குறையுது! எனக்கு உடம்பு வேர்த்துருச்சு. பேரப்பிள்ளைகளை வீட்டுக்குள்ள விரட்டிட்டு, வாய் என் பக்கம் திரும்பாம பிடிச்சு, குழல் நிறைய தண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சேன். காலையில கவுத்தா மண்ணு மண்ணா வருது. குளவி கூடு கட்டியிருக்கு. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோவம் வந்துச்சு. குளவியா இருந்ததால போச்சு. உள்ள மருந்து கிடந்திருந்தா? நாலரை வருஷத்துல அதுக்குள்ள ஒரு ஆளு ஒரு தடவை கம்பி விட்டுப் பார்த்திருந்தா, அந்தக் கூட்டைக் கண்டுபிடிச்சிருப்பாங்களே!

சுத்தம் பண்ண ஒரு வாரம் ஆச்சு. பக்கத்து வீட்டு மாப்ளை உப்புத்தாளை எடுத்துட்டு வந்துட்டாரு, ஒரே தேய்ப்புல பளபளன்னு ஆக்கிறலாம்னு. வேண்டாம்னு கையைப் பிடிச்சேன். உப்புத்தாள் துருவோட சேர்த்து இரும்பையும் தின்னுரும். மெலிஞ்ச குழல் வெடிச்சா போறது நம்ம கைதான். மண்ணெண்ணெயில நனைச்ச துணி, பித்தளை பிரஷ், பொறுமை, அவ்வளவுதான். கடைசியில கொதிக்கிற வெந்நீரை ஊத்தி அலசினேன். மருந்து வெடிச்ச பிறகு மிஞ்சுற சாம்பல்ல உப்பு இருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். சூட்டோட சூடா துடைச்சு, வெயில்ல காய வச்சு, தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். துரு போன இடமெல்லாம் அம்மைத்தழும்பு மாதிரி குழி. அதை ஒண்ணும் செய்ய முடியாது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால தேய்ச்சேன். கேப்பு மாட்டுற மூக்கு அடைச்சுப் போயிருந்துச்சு, அதை நம்ம தொடக்கூடாது. லைசன்ஸைக் கையில வச்சுக்கிட்டு மதுரைக்குக் கொண்டு போய், லைசன்ஸ் உள்ள ஆளுகிட்ட மாத்தி, குழல் தாங்கும்னு அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டாந்தேன்.

இனி தம்பி கேள்விக்கு வர்றேன். "உங்க ஊருலதான் பட்டாசுக்குப் பஞ்சமில்லையே, ரெண்டு வெடியைப் போட்டு விரட்டுங்களேன்"னும் கேட்டாரு. எங்க ஊரு சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல. இந்தப் பக்கத்துப் பன்றிக்கு வெடிச் சத்தம் தாலாட்டு மாதிரி. அதோட, காய்ஞ்ச சோளத்தட்டைக்குள்ள பட்டாசைத் தூக்கிப் போட்டா பன்றி போகுதோ இல்லையோ, வெள்ளாமை போயிரும். எங்க ஐயா ரவை போடாம மருந்தை மட்டும் கிட்டிச்சு, வானத்தைப் பார்த்து வெடிப்பாரு. தினம் ஒரு மூலையில இருந்து. பக்கத்துலயே கேட்கிற அந்த ஒத்தை முழக்கத்துக்குக் கூட்டம் கலைஞ்சுரும். அதுக்கும் பழகிப் போற பன்றி உண்டு, இல்லைங்கலை. ஆனா ஒரு பன்றியையும் அவரு கொன்னது கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, சுட்டா கேசு.

முன்னெல்லாம் பன்றி மலையடிவாரத்துல கிடந்துச்சு. இப்ப அர்ச்சுனா நதி ஓரமும் கம்மாய் பூராவும் சீமைக்கருவேல முள்ளு மண்டிக் கிடக்கு. பன்றிக்கு அதுதான் காடு, அங்கேயே குட்டி போட்டுப் பெருகுது. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்குனா அரை ஏக்கர் மக்காச்சோளம் தரைமட்டம்.

லைசன்ஸ் துப்பாக்கி இல்லாதவன் என்ன செய்யுறான் தெரியுமா? ராத்திரி மின்கம்பியில ஒரு கொக்கியைப் போட்டு வரப்புல கம்பி இழுத்து விடுறான். நாலரை வருஷம் வேண்டாம், அஞ்சு நிமிஷம் போதும். மின்வேலிக்கு 2023ல தமிழ்நாட்டு அரசு விதி போட்டிருக்கு, ஆனா இருட்டுல கொக்கி போடுறவன் பதிவு பண்ணிட்டா போடுறான்? பன்றி சாகுது, யானை சாகுது, தண்ணி பாய்ச்சப் போற மனுசன் சாகுறான். இல்லைன்னா அவுட்டுக்காய். வெடிமருந்துன்னா என்னன்னு எங்க பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உருண்டை பிடிச்சு, தீனிக்குள்ள பொதிஞ்சு வச்சுட்டுப் போயிருவான்.

2022ல எங்க செவலைப் பசு மேய்ச்சல்ல அதைக் கடிச்சிருச்சு. சத்தம் கேட்டு ஓடினேன். கீழ்த்தாடை இல்லை. ஆனாலும் நிக்குது, என்னைப் பார்த்து நடந்து வருது. டாக்டர் வந்து ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் நான் அது கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவனும் சம்சாரிதான், அந்த வருஷம் அவனுக்கு ஒரு கதிர் மிஞ்சலை. அவன்கிட்ட இன்னைக்கு வரைக்கும் நான் பேசுறதில்லை.

மருந்தோட ஆபத்தை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5ம் தேதி முதலிப்பட்டியில முப்பதுக்கு மேல செத்தாங்களே, அந்தப் புகையைப் பார்த்த சனம் நாங்க. அதனாலதான் சொல்றேன்: பேரு, விலாசம், நம்பரோட ஒரு ஆளு கையில இருக்கிற மருந்துக்கும், இருட்டுல யாரோ புதருக்குள்ள வச்சுட்டுப் போற மருந்துக்கும் வித்தியாசம் இருக்கு. முதல் ஆளை அலைய விட்டே ஓய்ச்சுட்டா, மிஞ்சுறது ரெண்டாவது ஆளுதான்.

2025 ஜனவரியில வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்துல அறிவிச்சாரு: காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்றியைச் சுடக்கூடாது, மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கு மேல வனத்துறை ஆளுகளே சுடலாம். வரவேற்கிறேன். ஆனா பன்றி வர்றது ராத்திரி ரெண்டு மணிக்கு. மனு எழுதி, விசாரிச்சு, கார்டு வந்து சேர்றப்ப எங்க காட்டுல தட்டைதான் இருக்கும். பக்கத்துல கேரளாவுல 2022ல இருந்து உள்ளாட்சித் தலைவருக்கே அதிகாரம் கொடுத்து, லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களையே கணக்கெழுதிச் சுட விடுறாங்க. எல்லாரும் சுடணும்னு நான் கேட்கலை. மனுவுக்கு ஒரு நாள் கணக்கு வைங்க. ஒப்படைச்ச பொருளை உள்ள பார்த்து, எண்ணெய் போட்டு, எந்த நிலையில வாங்குனோம்னு ரசீதுல எழுதுங்க. இல்லை, சம்சாரிக்குத் துப்பாக்கியே கூடாதுன்னா அதை நேரா சொல்லி, அழிஞ்ச வெள்ளாமைக்கு அந்த வருஷமே பணத்தைக் கொடுங்க. வாங்கி வச்சுத் துருப்பிடிக்க விடுறது எந்தக் கொள்கைன்னு எனக்கு விளங்கலை.

அடுத்த தேர்தலும் வரும். அறிவிப்பு வந்ததும் கொண்டு வந்து கொடுன்னு போன் வரும், கொடுப்பேன். இந்தத் தடவை குழலுக்குள்ள எண்ணெய்த் துணி விட்டு, வாயைக் கார்க்கு வச்சு அடைச்சு, மேல கிரீஸ் பூசி, சாக்குல சுத்திக் கட்டி, 'வாய் கீழ் பார்த்து நிறுத்தவும்'னு அட்டையில எழுதித் தொங்க விட்டுக் கொடுக்கப் போறேன். அட்டையை இப்பவே பேத்தி எழுதி வச்சுட்டா.