மணிக்கட்டுப் படம் சொல்வதும் சொல்லாததும்

இம்மாதம் வந்த மடல்களில் ஒன்று, கூடவே ஒரு ஸ்கேன் அறிக்கையின் நகலையும் சுமந்து வந்தது. எழுதிய சகோதரிக்கு வயது 44. நான்கு மாதங்களாக வலது மணிக்கட்டில் வலியாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருக்கிறார். "முக்கோணக் குருத்தெலும்பில் கிழிவு" என்று அறிக்கை சொல்கிறது. "கிழிந்தால் தைக்கத்தானே வேண்டும் என்கிறார் மாமி. சத்திரசிகிச்சை செய்தால் கிழமைக்கணக்கில் கையைக் கட்டி வைப்பார்களாம். மகளுக்குப் பிள்ளை கிடைத்து ஐந்து மாதம். நான்தான் பார்க்கிறேன். என்ன செய்வது டொக்டர்?" என்று கேட்கிறார். அடியில், பிறகு நினைவு வந்ததுபோல் இன்னொரு வரி: "வலி பெருவிரல் பக்கம்தான். பிள்ளையைத் தூக்கும்போது உயிர் போகிறது."

அந்தக் கடைசி வரிக்குத்தான் இம்மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். ஏனென்றால் முக்கோணக் குருத்தெலும்பு இருப்பது பெருவிரல் பக்கத்தில் அல்ல, சின்ன விரல் பக்கத்தில். படம் ஒரு கரையைக் காட்டுகிறது, வலி மறு கரையில் இருக்கிறது.

கைக்கும் படத்துக்கும் பழைய உறவு உண்டு. 1895 டிசம்பரில் ஜெர்மன் விஞ்ஞானி ரொன்ட்ஜன் தாம் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிரால் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கைதான். விரல் எலும்புகளும், ஒன்றில் மோதிரமும் தெரிந்தன. எம்.ஆர்.ஐ. பிறந்த காலத்திலும் அப்படியே. 1977இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆரம்பப் படங்களுள் ஒன்று மனித மணிக்கட்டின் குறுக்குவெட்டு. எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ. கதிரைப் பாய்ச்சுவதில்லை. பலமான காந்தத்துக்குள் கையை வைத்து, வானொலி அலையால் தட்டி, உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் தரும் பதிலைக் கேட்டுப் படமாக்குகிறது. அதனால் எலும்போடு, எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களும், தசைநாண்களும், நரம்பும் தெரிகின்றன.

தெரிவது வேறு, வாசிப்பது வேறு. மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று படகு போல, ஒன்று பிறை போல, ஒன்று பட்டாணிக் கடலை போல. இவற்றை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் பாண் வெட்டுவதுபோல் வெட்டி வெட்டிக் காட்டுகிறது இயந்திரம். பார்க்க வேண்டிய படங்கள் நூற்றுக்கு மேல் வரும். நான் பயிற்சியில் இருந்தபோது, முதல் கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளையும் கறுப்பும் சாம்பலும்தான்.

பிறகு படிப்படியாகப் பிடிபட்டது. ஒரே இடத்தை இரண்டு விதமாக எடுப்பார்கள். டி-1 என்ற வகையில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் கொழுப்பு அதிகம் என்பதால் நல்ல எலும்பு வெளிச்சமாக இருக்கும். அதில் ஓர் எலும்பு மட்டும் இருண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறை எலும்பு இரத்த ஓட்டம் குறைந்து இப்படி இருளும் நோயை 1910இல் வியன்னாவைச் சேர்ந்த கீன்பொக் என்பவர் விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். டி-2 வகையில் கொழுப்பை அடக்கி எடுத்தால் நீர் வெள்ளையாகும். அடிபட்ட எலும்பில் ஊறிய நீர், வீங்கிய நாண் உறையில் தேங்கிய நீர் எல்லாம் அங்கே விளக்கு ஏற்றியதுபோல் தெரியும். நாரும் நாணும் இரண்டிலும் கறுப்பாகவே இருக்க வேண்டும். கறுப்புக்கு நடுவே வெள்ளை கண்டால் கிழிவோ என்று பார்ப்போம்.

இங்கேதான் புதியவர்கள் விழுவார்கள். நானும் விழுந்தேன். முக்கோணக் குருத்தெலும்பு பெருவிரல் பக்கத்து ஆரை எலும்பில் ஒட்டும் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றைக் கண்டு, பெரிய கண்டுபிடிப்பு என்று "கிழிவு" என எழுதிக் கொண்டுபோனேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. "அது எலும்பின் சொந்தக் குருத்தெலும்புப் பூச்சு. எல்லோருக்கும் இருக்கும். உன் கையிலும் இருக்கிறது" என்றார். மறுநாள் பெருவிரலுக்குச் செல்லும் நாண் ஒன்றை நோயுற்றது என்றேன். அதுவும் பிழை. காந்தத்தின் திசைக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்து ஓடும் நாண், நலமாக இருந்தாலும் வெளிச்சம் காட்டும். இதற்கு மாயக் கோணம் என்றே பெயர். வேறு வகைப் படத்தில் அந்த வெளிச்சம் மறைந்துவிட்டால் நாணில் குறையில்லை.

அவர் கற்றுத்தந்தவற்றுள் எனக்கு இன்றும் உதவுவது வேறொன்று. ஒரு குறையைக் கண்டதும் கண் திருப்திப்பட்டு அடுத்ததைத் தேடாமல் விட்டுவிடும். வீட்டில் தொலைந்த இரண்டு ஊசிகளில் ஒன்று கிடைத்ததும் விளக்கை அணைத்துவிடுவதுபோல. ஆகவே எலும்பு, எலும்பிடை நார், முக்கோணக் குருத்தெலும்பு, நாண், நரம்பு, கட்டி என்று ஒழுங்கு மாறாமல் கடைசிவரை போகச் சொல்வார். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "எங்கே நோகிறதாம்?" ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் வெறுமனே "மணிக்கட்டு வலி" என்று எழுதியிருந்தால் அவருக்குக் கோபம் வரும். நோயாளி இன்னும் வெளியே இருந்தால் கூப்பிட்டு, ஒரே விரலால் காட்டச் சொல்வார். காட்டிய இடத்தில் மீனெண்ணெய் மாத்திரை ஒன்றை டேப்பால் ஒட்டி ஸ்கேனுக்கு அனுப்புவார். டி-1 படத்தில் அது வெள்ளைப் பொட்டாக விழும். வலி எங்கே என்று படத்திலேயே குறித்தாயிற்று!

இனி நமது சகோதரியின் விஷயம். அவருடைய அறிக்கையிலும் காரணம் என்ற இடத்தில் "வலது மணிக்கட்டு வலி" என்று மட்டுமே இருக்கிறது. வாசித்தவர் ஒரு கிழிவைக் கண்டார், எழுதினார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற இந்தக் குருத்தெலும்பு தேய்ந்து இழைவிடும். எந்த வலியும் இல்லாதவர்களின் படத்திலும் அது தெரியும். அதுதான் வலிக்குக் காரணம் என்றால் நோவு சின்ன விரல் பக்கம் இருக்கும். உடுப்புப் பிழியும்போதும், இடியப்ப உரலைத் திருகும்போதும், ஸுஜூதிலிருந்து கையை ஊன்றி எழும்போதும் சுருக்கென்று குத்தும். இவை எதையும் அவர் எழுதவில்லை. அவர் எழுதியது பெருவிரலையும் பிள்ளையையும்.

பிள்ளைக்கு ஐந்து மாதம், வலிக்கு நான்கு மாதம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு வரும் சந்தேகம், பெருவிரலை அசைக்கும் இரண்டு நாண்கள் ஓடும் உறை தடித்துப்போயிருக்கலாம் என்பது. சுவிட்சர்லாந்தின் அறுவை வைத்தியர் டி கெர்வெய்ன் 1895இல் விவரித்த நோய் இது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், பேரப்பிள்ளைகளைத் தூக்கும் உம்மும்மாமாருக்கும் நன்கு பழக்கமானது. பெருவிரலை விரித்து, பிள்ளையின் கமுக்கட்டில் கொடுத்துத் தூக்குகிறோம் அல்லவா, அந்தப் பிடியே இதை வளர்க்கிறது. பெரும்பாலும் கையைத் தொட்டுப் பார்த்தே வைத்தியர் சொல்லிவிடுவார், ஸ்கேன் தேவைப்படாது. பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை சில வாரங்கள், பிள்ளையை உள்ளங்கை மேல்நோக்கி அள்ளித் தூக்கும் பழக்கம், தேவையானால் உறைக்குள் ஓர் ஊசி. அநேகருக்கு இவ்வளவில் குறைந்துவிடும். குறையாத சிலருக்கே உறையைத் திறந்துவிடும் சிறிய சத்திரசிகிச்சை.

நான் கையைப் பார்க்கவில்லை, மடலைத்தான் பார்த்தேன். ஆகவே சகோதரி, அறிக்கையோடு படங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடமே திரும்பப் போங்கள். வலிக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டி, "கிழிவு இந்தப் பக்கத்திலா இருக்கிறது?" என்று கேளுங்கள். பெருவிரல் பக்கத்து நாண்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுக்க வேண்டாம். மாமிக்கும் இதை வாசித்துக் காட்டலாம்.

இதை வாசித்துவிட்டு, படமே தேவையில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் சாச்சியின் மகன் கிரிக்கெட் விளையாடும்போது கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்ரே சுத்தம். சுளுக்கு என்றார்கள், எண்ணெய் போட்டுத் தடவினார்கள். பெருவிரலை நீட்டினால் அடியில் ஒரு சின்னக் குழி விழுமே, அதை அழுத்தினால் மட்டும் கத்துவான். பிந்தித்தான் என்னிடம் கூட்டிவந்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது படகு எலும்பின் குறுக்கே கறுப்புக் கோடு, சுற்றிலும் நீர். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையால் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்து கவனியாமல் விட்டால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். அவனுக்குப் பிளாஸ்டர் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம், எலும்பு பொருந்தியது. ஆகவே விழுந்த பிள்ளைக்கு அந்தக் குழியில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் கையை அசையாமல் கட்டி, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கவோ, முன்னதாகவே எம்.ஆர்.ஐ. எடுக்கவோ கேளுங்கள்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு: வளையலும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும். பர்தாவில் குத்தும் ஊசிகள் காந்தத்தின் முன் பறக்கும். ஊசி இல்லாமல் கட்டக்கூடிய முக்காடு ஒன்றைக் கொண்டுபோங்கள். இதயத்துக்கு இயந்திரம் வைத்தவர்களும், உடம்புக்குள் உலோகம் உள்ளவர்களும், பிள்ளை உண்டாகியிருப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில இடங்களில் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டி, அரை மணி நேரம்போல் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். தோள் நோவுள்ளவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், கையைப் பக்கத்தில் வைத்தும் எடுக்கலாம். மீனெண்ணெய் மாத்திரை ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், "இங்கேதான் நோகிறது, ஒட்டிவிடுவீர்களா?" என்று கேட்டாலும் தப்பில்லை.