பெரிய ரிம்மும் மெலிந்த ரப்பரும்

தோட்டப்புறத்து வாலிபர்களிடையே ஒரு மோகம் வேரூன்றியிருக்கிறது. பழைய மைவி கார் ஒன்றைத் தவணைக் கடனில் வாங்குகிறார்கள். கடனில் பாதிகூட அடைபடுவதற்குள், கம்பெனி மாட்டித் தந்த 14 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு 16 அங்குல ஸ்போர்ட் ரிம் மாட்டிவிடுகிறார்கள். லயத்து வாசலில் அந்தக் கார் வந்து நின்றால் சிறுவர்கள் கூடிவிடுகிறார்கள்; பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

முகத்தைச் சுளிப்போர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. துரைமாரின் கார் மட்டுந்தான் பளபளக்க வேண்டுமா? பிறர் அழகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே தொழிலாளியின் தலையெழுத்து என்று யார் எழுதி வைத்தது? உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒருவன் தன் காரை அலங்கரித்துக் கொண்டால் அது அவன் உரிமை. நமது கேள்வி வேறு. அந்தப் பணத்தைக் கொடுத்து அவன் எதை வாங்குகிறான், எதை இழக்கிறான் என்பதுதான் கேள்வி.

அவன் வாங்குவது அலுமினியம். இழப்பது ரப்பர்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைச் சற்றுக் குனிந்து படித்துப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் மைவியின் டயரில் 175/65 ஆர் 14 என்றிருக்கும். 175 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச் சுவரின் உயரம். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் குறுக்களவு. நம் கிராணிமார் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுவிடலாம்: பக்கச் சுவர் ஏறக்குறைய 114 மில்லிமீட்டர், சக்கரத்தின் மொத்த உயரம் 583 மில்லிமீட்டர்.

இப்போது 16 அங்குல ரிம்முக்கு வருவோம். விஷயம் தெரிந்த கடைக்காரர் 195/45 டயரைப் போடுவார். மொத்த உயரம் 582. பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பக்கச் சுவர் 88 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. ஒரு அங்குலத்துக்கு மேல் ரப்பர் போய், அந்த இடத்தில் ரிம் வந்து உட்கார்ந்து கொண்டது.

ஒரு அங்குலந்தானே என்று எண்ண வேண்டாம். காரின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. குழியில் விழும்போது வளைந்து கொடுத்து அடியை வாங்கிக் கொள்வது பக்கச் சுவர். அந்தச் சுவர் குட்டையானால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்ளே இழை அறுந்துபோகும். வெளியே முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் தெரியும். அல்லது அதுவும் தெரியாமலே இருக்கும். மரம் சீவுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டை மெலிந்த இடத்தில் கத்தி சற்றே ஆழப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும் அல்லவா? செம்மண் சாலையில் லாரிகள் பறித்து வைத்த பள்ளங்களில் தினம் இருமுறை போய் வரும் காருக்கும் இதே கதிதான். அந்த வீங்கிய டயருடன் ஞாயிற்றுக்கிழமை பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போவதை நினைத்துப் பாருங்கள்.

வேறு சிலர், சுவரைக் குறைக்க வேண்டாம் என்று 195/55 டயரை அதே 16 அங்குல ரிம்மில் போடுகிறார்கள். இது இன்னொரு தொல்லை. மொத்த உயரம் 621 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது, அதாவது நூற்றுக்கு ஆறரை பங்கு அதிகம். அளவு மாறினால் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. முன்பு ஊசி சரியாகக் காட்டி வந்திருந்தால், இனி அது 90 காட்டும்போது கார் 96-ஐத் தொட்டுக் கொண்டிருக்கும். மீட்டரும் குறைத்தே எண்ணும்: 1,000 கிலோமீட்டர் ஓடினால் 939 என்றுதான் பதியும். தோட்ட வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டி, மீட்டர் கணக்கில் பயணப்படி வாங்கும் கிராணி ஆயிரத்துக்கு 61 கிலோமீட்டர் கூலியைத் தானே தானம் செய்கிறார். ஐந்து பேர் ஏறி வளைவில் திரும்பினால் டயர் மட்கார்டில் உரசும். உரசினால் மட்கார்டையே வளைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைகளும் உண்டு!

கடைக்காரர் சொல்லாத இன்னொரு எண் இருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 82 என்றிருந்தால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450. ஒரு டயருக்கு 25 கிலோ வீதம் நான்குக்கு 100 கிலோ குறைந்துபோகிறது. பெரிய சக்கரமாயிற்றே, கூடுதலாகத் தாங்கும் என்று நம்பிக் கொண்டு அரிசி மூட்டையையும் ஏற்றுகிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நான்கு புது ரிம்மும் நான்கு புது டயரும் ஒரு மாதச் சம்பளத்தை எளிதில் விழுங்கிவிடும். ஆகவே நம் வாலிபன் என்ன செய்கிறான்? ரிம்முக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பிறர் ஓட்டிக் கழித்த டயரை வாங்கி மாட்டுகிறான். கண்ணில் படுவது ரிம், சாலையைப் பிடிப்பது டயர். பணம் போனதோ கண்ணில் படுவதற்கு. பழைய டயர்தான் வாங்க முடியும் என்றால் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களையாவது பாருங்கள்: 1219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு.

ஆசையை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. 15 அங்குல ரிம்மில் 185/55 டயர் போடலாம். உயரம் 584 சொச்சம். சுவர் 102 மில்லிமீட்டர். பாரம் தாங்கும் எண் 82 உள்ள டயராகவே கேட்டு வாங்கலாம். கம்பெனியே பின்னாளில் 1.5 லிட்டர் மைவிக்கு இதே அளவைத்தான் போட்டது. ரிம்மின் நடுத்துளை காரின் நடுக்குடத்தில் கச்சிதமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும்; துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் கேளுங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். டயர் காரின் உடலைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது. அது சட்டத்துக்கும் ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

கழற்றிய நான்கு சக்கரங்களையும் கடையிலேயே விட்டு வராதீர்கள். காரை விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை உண்டு. அன்றைக்கு அவற்றைத் தேடி அலைய நேரும். வீட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் அடுக்கி வையுங்கள்.