சாரணனும் சிவனடியாரும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நம் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பியதும் நம் எதிரில் விறைப்பாக நின்று இடக்கையை நீட்டினாள். கழுத்தில் புதிய துணிப்பட்டை. அதைப் பிடித்து நிறுத்தும் வளையம். முகத்தில் கலெக்டர் உத்தியோகம் கிடைத்தாற்போன்ற கம்பீரம். அன்றுதான் சாரணியர் உறுதிமொழி எடுத்துக்கொண்டாளாம். அருகிலிருந்த அவள் பாட்டி, "பெரியவர்களிடம் இடக்கையை நீட்டலாமா?" என்று பதறினாள். நாமோ நம்மை அறியாமலே எழுந்து நின்று, நம் இடக்கையால் அவள் கையைப் பற்றிக் குலுக்கினோம். குலுக்கிய பிறகுதான், இந்தக் கை இவ்விதம் நீண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இல்லை, நடுவில் ஒரு முறை நீண்டதுண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

தில்லியில் பேத்திக்குக் கிடைத்தது பாட்டியின் பதற்றம் மட்டுமே. மன்னார்குடியில் நமக்குக் கிடைத்தது அறை. 1961ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் பிராயத்தில், சாரணர் படையில் சேர்ந்த அன்று மாலை, திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நம் பாட்டனாரிடம் சென்று இடக்கையை நீட்டினோம். உலகெங்கும் சாரணர்கள் இப்படித்தான் கை குலுக்குவார்கள் என்ற விளக்கத்தை முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். அறைக்குப் பிறகுதான் சொல்ல முடிந்தது. "பேடன் பவல் சொல்லியிருக்கிறார், தாத்தா" என்றோம். "அவன் எந்த ஊர்?" என்று கேட்டார் பாட்டனார்.

அக்கேள்வி அப்படியொன்றும் பொருளற்றதன்று. பேடன் பவல் ஆங்கிலேயர்தாம். ஆயினும் 1876இல் இளம் படையதிகாரியாக அவர் முதன்முதலில் வேலைக்கு வந்து சேர்ந்தது இந்தியாவுக்குத்தான். 1907இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டி முதற் பாசறை நடத்திப் பார்த்தார். மறு ஆண்டில் நூலாக எழுதினார். அந்நூலில் வரும் கிம் விளையாட்டு, பம்பாயில் பிறந்த கிப்ளிங் 1901இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நாவலில் அவ்விளையாட்டு நடக்கும் இடமோ நம் தில்லிவாசிகள் கோடையில் ஓடிப்போகும் சிம்லா! பிற்பாடு குருளையர் படைக்கு ஓநாய்க் கதையைக் கொடுத்ததும் அதே கிப்ளிங்தான். ஆக, சாரணர் கலையில் பாதி, கதைப் புத்தகம் படித்ததன் பயன் என்று நாம் துணிந்து கூறுவோம்.

இவ்வளவு இந்தியச் சம்பந்தம் இருந்தும், 1909இல் இயக்கம் இந்நாட்டுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்றே தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தலைப்பாகை கட்டிய சாரணர்களை அணிவகுக்கச் செய்தார். 1921இல் பேடன் பவல் நேரில் வந்து பார்த்த பிறகே இரண்டும் இணைந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண இயக்கம் பிறந்தது. பாட்டனார் இதையெல்லாம் அறிந்திருந்தால் அறையின் வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம்.

நிற்க. எங்கள் படைக்குத் தலைவர் பள்ளியின் ஓவிய ஆசிரியர். பாமணியாற்றங்கரை மூங்கிலை வெட்டி எங்களுக்குத் தடி செய்து கொடுத்தவர். சனிக்கிழமைதோறும் பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் இருபத்து நான்கு பொருள்களைப் பரப்பி, துண்டால் மூடி வைப்பார். சாவி, புளியங்கொட்டை, பேனா முள், பாக்கு, சட்டைப் பித்தான், ஓட்டைக் காலணா என்று என்னென்னவோ இருக்கும். ஒரு நிமிஷம் துண்டு விலகும்; பிறகு மூடப்படும். கண்டவற்றையெல்லாம் நாங்கள் எழுதித்தர வேண்டும். நாம் எவ்வளவு முயன்றும் இருபத்திரண்டைத் தாண்டியதில்லை. இருபத்து நான்கையும் எழுதுகிறவன் ஒருவனே இருந்தான்.

அவன் பெயரை எழுத நமக்கு உரிமை இல்லை. நண்பன் என்றே சொல்வோம். தகப்பனார் இல்லாத பிள்ளை. தாயார் நெல் அவித்துப் பிழைத்தவர். பள்ளியில் மதிய உணவுத் திட்டம் வந்த பிறகே அவன் ஒழுங்காகப் பள்ளிக்கு வரத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவனுடைய காக்கிச் சட்டையும் கழுத்துத் துணியும் ஓவிய ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து வாங்கிக் கொடுத்தவை. முடிச்சுப் போடுவதில் அவனுக்கு இணை கிடையாது. நாம் போட்ட முடிச்சுகள் தாமாக அவிழும், அல்லது எக்காலத்தும் அவிழா.

படிப்பதிலும் அவன்தான் நமக்கு முன்னோடி. மன்னார்குடிக்காரனுக்குப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னிக்க வேண்டும். 1931இலேயே மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோன ஊர் அது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்து நூலகக் கலைக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 1948இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. "நாம் கொடுக்கும் வரிக்கு நாமே போய்ப் படிக்க வேண்டும்" என்பது பாட்டனாரின் கட்சி. சினிமாவை விலக்கிய அவர் நூலகத்தை விலக்காததற்கு இதுவே காரணம். நூலகத்தில் நம் பெயரில் காப்புத்தொகை கட்டியவரும் அவரே. நண்பனால் கட்ட இயலவில்லை. ஆகவே ஒரே சீட்டில் இருவரும் படித்தோம். பகலில் அவன், இரவில் விளக்கு உள்ள வீட்டில் நாம். அம்புலிமாமாவின் வேதாளத்தையும் தமிழ்வாணனின் துப்பறியும் கதைகளையும் இப்படியே பங்கிட்டுக்கொண்டு, கல்கியின் 'பார்த்திபன் கனவு'க்கு வந்து சேர்ந்தோம்.

1962 பங்குனி. இராஜகோபாலசுவாமி கோயிலில் பதினெட்டு நாள் உற்சவம். வெண்ணெய்த்தாழி அன்று ஊரே வெண்ணெயும் கையுமாக வீதியில் நிற்கும். தவழும் கண்ணனாக வரும் சுவாமியின்மேல் வெண்ணெயை வீசுவார்கள். கூட்டத்தில் தவறிய குழந்தைகளைக் காத்துப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் பொறுப்பைச் சாரணர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு சிறு பந்தலில் நானும் அவனும் என்று எழுத வேண்டும். இப்பகுதியின் வழக்கப்படி நாமும் நண்பனும் என்றே எழுதுகிறோம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு பந்தலில் இருந்தது. நண்பன் தண்ணீர் கொண்டுவரப் போனான். நம் இடுப்பில் செருகியிருந்த 'பார்த்திபன் கனவு' வெளியே வந்தது. சிவனடியார் யார் என்று தெரியாமல் நான்கு நாட்களாகத் தூக்கமில்லை. இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தோம். நிமிர்ந்தபோது பிள்ளையைக் காணோம்.

நண்பன் திரும்பினான். அவனை அடுத்து ஓவிய ஆசிரியரும், தலைவிரிகோலமாய்ப் பிள்ளையின் தாயும் வந்தார்கள். "யார் பொறுப்பில் விட்டேன்?" என்றார் ஆசிரியர். ஹரித்ரா நதி அருகிலேயே இருக்கிறது. நதி என்று பெயரே தவிர, கடல் போன்ற குளம். அந்தத் தாய் அந்தத் திசையைப் பார்த்த பார்வையை நாம் இன்றும் மறக்கவில்லை. நம் நாக்கு எழவில்லை. நண்பன், "நான்தான் சார்" என்றான்.

ஒரு மணி நேரம் தேடியபின் பிள்ளை கிடைத்தது. வளையல் கடைப் பலகையின் கீழே சுகமாய் உறங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. நண்பனின் கழுத்துத் துணியைக் கழற்றி மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டு, "மூன்று மாதம் போகட்டும்" என்றார். சாரணர் சட்டத்தில் முதல் வாசகமே சாரணன் நம்பத் தகுந்தவன் என்பது. அதை மூன்று விரல்களை உயர்த்திச் சொல்லியவர்கள் இருவர். துணியை இழந்தவன் ஒருவன்.

மூன்று மாதம் போனபோது ஜூன் பிறந்தது, பள்ளி திறந்தது, நண்பன் வரவில்லை. அரிசி ஆலையில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். குடும்பக் கஷ்டம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னதை நாமும் ஆவலோடு நம்பினோம். அவ்வாண்டு நாம் அணித் தலைவன் ஆனோம். புத்தகத்தை முடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டோம். உத்தியோகம் பற்றித் தில்லி வந்த பிறகு, 1973இல், நம் சங்கத்து அலமாரியில் அதையே கண்டெடுத்து ஒரே இரவில் படித்து முடித்தோம்.

நம் சங்கக் கூட்டங்களில் பள்ளி நாட்களைப் பற்றிய பேச்சு எழாத மாலை உண்டா? மாமரத்தடி வகுப்பு, உபாத்தியாயரின் பிரம்பு, நூலகம், பாசறைத் தீ என்று ஆளுக்கு ஆள் சுவைபடச் சொல்கிறோம். நாமும் பல முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். தாம்பாளத்தை மூடிய பிறகு ஒவ்வொருவரும் இருபத்து மூன்றைச் சொல்கிறோம். பாட்டனாரின் அறையைச் சொன்ன நாம், வளையல் கடையை எவரிடமும் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறோம். அதற்கும் பேத்தியின் இடக்கை வேண்டியிருந்தது.

2018இல் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மன்னார்குடி சென்றபோது விசாரித்துக் கண்டுபிடித்தோம். கடைத்தெருவில் சைக்கிள் கடை. "வாங்க சார், வண்டிக்குக் காத்தா?" என்றான். நம் பெயரைச் சொன்னதும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "அடேய், நீயா!" என்றான். வலக்கை முழுவதும் கிரீஸ். ஆகையால் இடக்கையை நீட்டினான். அது சாரணர் முறையா, கிரீஸ் முறையா என்று நாம் கேட்கவில்லை.

தேநீர் வந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னோம். நமக்காக அவன் பழியை ஏற்றதையும், நாம் வாய் மூடி நின்றதையும் சொன்னோம். அவன் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்தபடியே கேட்டான்.

"உனக்காகவா? நான் எங்கே உனக்காகச் சொன்னேன்? தண்ணி கொண்டுவரப் போனவன் வீதி முனையில் நாகசுரம் கேட்டுக்கிட்டு நின்னுட்டேன். ரொம்ப நேரம். பிள்ளை போனது அதனாலேதான்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சிக்கிட்டிருக்கேன்."

நமக்குப் பேச்சு எழவில்லை. அவனுக்கு அவன் தவறு தெரிந்திருந்தது. அவன் அதைச் சொன்னான். நமக்கு நம் தவறு தெரிந்திருந்தது. இதை எடுத்துச் சொல்லலாமா என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து பஞ்சர் என்றார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியவன், "ஆமாம், அந்தப் புத்தகத்தை நீ முடிச்சியா? சிவனடியார் யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"தெரிந்தது. நரசிம்ம பல்லவச் சக்கரவர்த்தி. பதினோரு ஆண்டு கழித்து" என்றோம்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான். "கடைசிப் பக்கத்தைத்தானே நான் முதல்லே படிப்பேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."