கம்பெனிக் கிதாரும் கைப்பட்டறைக் கிதாரும்

வ. புதுப்பட்டியில் அந்தி வேளையில் தெருவோடு நடந்தால் இப்போதெல்லாம் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து கிதாரின் ஒலி வருகிறது. ஒலி என்று சொன்னோமே யொழிய நாதம் என்று சொல்லவில்லை. நாதமாவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும். அதுவரை அக்கம்பக்கத்தார் பொறுமையாயிருக்க வேண்டியதுதான்.

அன்னிய வாத்தியம் நம் வீட்டுக்குள் வரலாமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858) ஐரோப்பியர்களின் பிடிலைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்தில் புகுத்தினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? கிதாரையோ, நமது மலைக்கு அப்பால் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா தமிழர் செவிக்கு எப்போதோ பழக்கப்படுத்திவிட்டார். ஆகவே நம்மிடம் வரும் பெற்றோர்கள் கேட்பது வேறு கேள்வி. “பெரிய கம்பெனிச் சாமான் வாங்குவதா, தனி ஆள் கையால் செய்ததை வாங்குவதா? எது ஸார் நல்லது?” என்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் நாமும் விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினோம்.

நம் பக்கத்தாருக்கு இக்கேள்வி வேறொரு உருவத்தில் நன்றாய்ப் பழக்கமானதே. ஒரு புறம் ராஜபாளையத்து நூல் ஆலைகள். மறு புறம் சுந்தரபாண்டியத்துக் கைத்தறிகள். தறிக்காரர் நெய்யும் சேலைக்கு நூல் ஆலையிலிருந்துதானே வருகிறது? கிதார் விஷயமும் அப்படியே. கைப்பட்டறைக்காரர் எவ்வளவு பெரிய நிபுணராயிருந்தாலும் தந்திகளையும், தந்தியை முறுக்கும் பல்சக்கரப் பிரடைகளையும், மெட்டுக்கு வேண்டிய உலோகக் கம்பியையும் யாரோ ஒரு கம்பெனியிடம் விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். பெரிய கம்பெனியிலும் யந்திரம் வெட்டிப் போட்ட பலகையை ஓர் ஆளோ சிலரோ கையால் ஒட்டி, தேய்த்து, காது கொடுத்துப் பார்க்கிறார்கள். முழுக்க ஆலைக் கிதார் என்றோ முழுக்கக் கைக் கிதார் என்றோ உலகத்தில் ஒன்றும் கிடையாது. எந்தப் பங்கு யந்திரத்தினுடையது, எந்தப் பங்கு கையினுடையது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் பெரியவர்களாகவே பிறந்துவிடவில்லை. இன்று அமெரிக்காவில் கிதாருக்குப் பெயர்போன மார்ட்டின் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதை ஸ்தாபித்த கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின் 1796இல் ஜெர்மனியின் ஸாக்ஸனிப் பகுதியில் மார்க்நாய்கிர்ஹன் என்னும் ஊரில், மேஜை அலமாரி செய்யும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வூர்ப் பிடில் ஆசாரிகளின் சங்கத்தார், “வாத்தியம் செய்வது எங்கள் உரிமை, மேஜை செய்கிறவன் கிதார் செய்யக்கூடாது” என்று வழக்காடினார்கள். சங்கீத உலகத்தின் ஜாதிச் சண்டைகள் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்று தெரிகிறது. மனிதர் 1833இல் கப்பலேறி நியூயார்க்குக்குப் போய்ச் சிறு கடை வைத்தார். சில வருஷங்களில் பென்ஸில்வேனியா மாகாணத்து நாஸரெத் என்ற ஊருக்குக் குடிபோனார். கம்பெனி இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

அந்தக் கம்பெனியின் எண்ணிக்கை வரிசையில் பத்து லட்சமாவது கிதார் 2004இல் வந்தது. இருபது லட்சமாவது வந்தது 2017இல். முதல் பத்து லட்சத்துக்கு 171 வருஷம். அடுத்த பத்து லட்சத்துக்கு 13 வருஷம்! நாம் வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னபோது ஒரு பையன், “அப்படியானால் எந்தப் பத்து லட்சம் ஸார் நன்றாயிருக்கும்?” என்று கேட்டான். பரீட்சைக்கு வராத கேள்விகளைத்தான் பையன்கள் நன்றாய்க் கேட்கிறார்கள்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஸ்பெயின் தேசத்துக்கு ஒரு நடை போய் வரவேண்டும். அல்மேரியா நகரத்து அன்டோனியோ தே டோர்ரெஸ் (1817–1892) என்பவர்தான் இன்றைய நைலான் தந்திக் கிதாருக்கு உருவம் கொடுத்தவர். மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி போல் விரியும் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். கிதாரின் குரல் எங்கேயிருக்கிறது என்பதை மெய்ப்பிப்பதற்காக 1862இல் அவர் ஒரு விநோதமான காரியம் செய்தார். முதுகையும் பக்கங்களையும் மரத்தால் செய்யாமல் காகித அட்டையால் செய்தார்; மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரத்தில் வைத்தார். அந்த அட்டைக் கிதார் இன்னும் பார்ஸிலோனா நகரத்து இசைக் கண்காட்சி சாலையில் இருக்கிறது. முதுகுக்கு எவ்வளவு விலையுயர்ந்த மரம் போட்டாலும், பாடுவது முகம்தான் என்பது அவர் முடிவு.

அந்த முகம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பலகை. எஃகுத் தந்தி பூட்டிய கிதாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் எழுபது கிலோ பாரத்தில் இழுக்கின்றன. ஒரு வளர்ந்த ஆள் ஏறித் தொங்குவதற்குச் சமம். பலகை தடித்தால் உடையாது, ஆனால் ஊமையாகிவிடும். மெலிந்தால் நன்றாய்ப் பாடும், ஆனால் நாளடைவில் வயிறு புடைத்துவிடும். பெரிய கம்பெனி லட்சக்கணக்கில் விற்பதால், திரும்பி வரும் சாமான்களுக்கு அஞ்சுவது இயற்கை. எல்லாப் பலகைக்கும் ஒரே கனத்தை, சற்றுத் தாராளமாகவே, நிர்ணயித்துவிடுகிறது. கைப்பட்டறைக்காரரோ இந்தப் பலகையைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, இதற்கு இவ்வளவு போதும் என்று சீவுகிறார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள் கூட ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை அறிந்தவர் அவர். இந்த இடத்தில் கை ஜெயிக்கிறது. பையனுக்கு நாம் சொன்ன பதிலும் இதுதான்: எந்தப் பத்து லட்சம் என்பதல்ல, எந்தப் பலகை என்பதே.

ஆனால் யந்திரம் ஜெயிக்கும் இடமும் உண்டு. அது மெட்டுகள். வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வதையே கிதாரிலும் சொல்வோம். கணித மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். விஞ்ஞானி கலீலியோவின் தகப்பனார் வின்சென்ஸோ கலிலேயி, 1581இல் வெளியான தமது சங்கீத நூலில் ஒரு சூத்திரம் சொன்னார்: தந்தியின் நீளத்தைப் பதினெட்டால் வகுத்து முதல் மெட்டை வை, மிச்சத்தை மறுபடியும் பதினெட்டால் வகுத்து அடுத்ததை வை. பிற்காலத்து நுட்பமான கணக்குப்படி வகுக்கவேண்டிய எண் 17.817. வித்தியாசம் அற்பந்தானே என்று தோன்றும். 650 மில்லிமீட்டர் தந்தியில் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், அதாவது 325இல் விழவேண்டும். பதினெட்டுக் கணக்கில் போனால் 322.6இல் வந்து நிற்கும். விரல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதால் இந்தப் பிழையில் ஒரு பகுதி மறைந்துபோகும் என்பது பழைய காலத்தாரின் அதிர்ஷ்டம். நன்றாய் நடக்கும் தொழிற்சாலையில் கணிப்பொறியின் ஏவலில் ஓடும் வாள், ஆயிரமாவது கழுத்திலும் முதற் கழுத்தைப் போலவே பள்ளம் வெட்டுகிறது. ரம்பமும் அளவுகோலும் பிடித்த கைக்கு இது தவம்.

இங்கேதான் நமது வீணை நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பெரிய கம்பெனி என்று ஒன்று கிடையாது. பலா மரத்தைக் குடைந்து செய்கிறவர்கள் எல்லாரும் சிறு பட்டறைக்காரர்களே. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் கரி கலந்த தேன்மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அளவுகோலால் அல்ல, காதால் அவற்றை வைக்கிறார்கள். மெழுகு தளர்ந்தால் மறுபடியும் மேளம் கட்டிக்கொள்ளலாம். ஆகையால் வீணையை வாங்குகிறவர் ஒரு வாத்தியத்தை மட்டும் வாங்குவதில்லை. அதைச் செய்தவரோடு, அல்லது அவர் தொழில் அறிந்த இன்னொருவரோடு, நெடுநாள் உறவையும் சேர்த்து வாங்குகிறார். கிதாரின் மெட்டோ கழுத்தில் அடித்து இறக்கியது, நகராது. நகராது என்பதாலேயே, வாங்கியபின் யாரும் தொடவேண்டியதில்லை என்ற எண்ணம் பிறந்துவிட்டது. அது பெரிய தப்பெண்ணம்.

நம் பள்ளி மாணவி ஒருத்தியின் சங்கதியைச் சொல்கிறோம். தகப்பனார் நகரத்துக் கடையொன்றில் பெட்டியோடு கிதாரை வாங்கி வந்தார். ஒரு மாதம் வாசித்தாள். விரல் நுனியெல்லாம் கன்றிப்போய் நிறுத்திவிட்டாள். “பாப்பாவுக்கு ஞானம் போதாது ஸார், காசுதான் தண்டம்” என்றார் தகப்பனார். நாம் போய் அளந்து பார்த்தோம். பன்னிரண்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். நாலரைக்கு மேல் இருந்தது! வில்லை நாணேற்றுவது போல் அந்தக் குழந்தை ஒவ்வொரு தந்தியையும் அழுத்தியிருக்கிறாள். ஞானம் எங்கேயும் போய்விடவில்லை. குதிரையின் மேலிருக்கும் எலும்புத்துண்டு போன்ற பட்டையை உருவி, அடிப்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லின் மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கவேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்த் தச்சர் அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

கிதாரின் கடைசி அரைமணி நேரம் என்று இதை நாம் சொல்லுவோம். விலை மலிந்த கம்பெனிக் கிதாரில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த அரைமணிதான். தொழிற்சாலை, கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்புகிறது. கடைக்காரர், தொழிற்சாலை பார்த்திருக்கும் என்று பெட்டியைத் திறக்காமலே விற்கிறார். கைப்பட்டறைக்காரர் அதைத் தள்ளிப்போட முடியாது. வாங்குகிறவர் எதிரே உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தானே பணத்தை எண்ணி வைப்பார்?

ஆகவே நமது அபிப்பிராயம் சிலருக்கு ருசிக்காமல் போகலாம். முதல் முதலாகக் கற்கும் பிள்ளைக்குக் கம்பெனிக் கிதாரே போதும். ஜப்பானிய யமஹா ஆனாலும் சரி, கொல்கத்தாவின் கிவ்ஸன் ஆனாலும் சரி. தலையிலுள்ள பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். மார்ட்டின் கம்பெனியே தன் விலை குறைந்த வகைகளை மெக்ஸிகோ தேசத்து நவோஹோவா நகரத்தில் செய்கிறது. மேற்பலகை ஒரே மரமா, மூன்று தாள் சேர்த்த ஒட்டுப்பலகையா என்பதை, நடுவிலுள்ள துவாரத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒட்டுப்பலகை என்றால் முகம் சுளிக்கவேண்டாம்; குரல் கொஞ்சம் மட்டம், ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெடிக்காது. பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் ஆயிரம் ரூபாயோ என்னவோ, கடைசி அரைமணி வேலைக்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும். இதை மட்டும் மறக்கலாகாது.

கைப்பட்டறைக் கிதார் லட்சத்தைத் தாண்டும். மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஐந்தாறு வருஷம் வாசித்து, எந்த நாதம் தன் காதுக்கு வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கே அது தகும். அப்படித் தெரிந்தவர் நம் நாட்டுக் கைகளைத் தேடிப் போனால் நமக்கு மகிழ்ச்சி. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் கையால் கிதார் செய்தவர்கள் உண்டு. வேறு நகரங்களிலும் இளைஞர்கள் இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். பிரேஸில் தேசம் தன் மரத்தை அறுக்காத கட்டையாக வெளியே அனுப்பக்கூடாதென்று தடுத்த பிறகு, 1969 முதல் மார்ட்டின் கம்பெனி தன் உயர்ந்த கிதார்களின் முதுகுக்குப் போடுவது இந்திய ஈட்டி மரம். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அதே மரத்தை நம்மவர் கட்டிலுக்கும் கதவுக்கும்தான் அறிந்திருந்தோம். 2017இன் தொடக்கத்தில் உலக நாடுகளின் உடன்படிக்கை ஈட்டி இன மரங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியபோது வாத்தியக்காரர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில்தான் விலக்குக் கிடைத்தது.

இனி, வாங்கியதை வைக்கும் இடம். பெரிய தொழிற்சாலைகளில் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு நாற்பத்தைந்து ஐம்பது என்ற அளவிலேயே வருஷம் முழுதும் காத்து வைக்கிறார்கள். நமக்கோ ஐப்பசி கார்த்திகையில் சுவரே வேர்க்கும். பங்குனி சித்திரையில் கதவெல்லாம் சுருங்கும். ஒரே மரப் பலகையுள்ள கிதாரானால் இந்த இரண்டு மாறுதலையும் அதுவும் அனுபவிக்கும். பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வேனிலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத்துண்டு ஒன்றைத் துளையிட்ட சோப்பு டப்பாவில் அடைத்துப் பெட்டியின் மூலையில் போட்டு வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் பீரோவின் மேல் வைப்பது கூடாது. வீட்டிலேயே சூடான இடம் அதுதான். நடுக்கூடத்தில், வெளிச்சுவரில் சாய்க்காமல், கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதும்.